செல்போன்ல டிக்கெட் இருக்கு... சார்ஜ் இல்லையே! ரெயில் பயணிகளே உஷார்

சென்னை,

காலை 8 மணிக்கு தாம்பரம், பல்லாவரம், ஆவடி, அம்பத்தூர் என்று எந்த ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டிக்கெட் கவுண்ட்டர் முன்னால் ஒரு கூட்டம் வியர்க்க விறுவிறுக்க நிற்கும். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி செல்போனைத் தட்டிக்கொண்டே இன்னொரு கூட்டம் பிளாட்பாரத்துக்குப் படியேறிப் போகும்.

'அஞ்சு ரூபா டிக்கெட்டுக்கு அரை மணி நேரம் நிக்கணுமா? போன்ல தட்டினா முடிஞ்சுது' என்பது ஒரு கட்சி. 'போன் ஆப் ஆயிட்டா என்ன பண்ணுவே? கையில காகிதம் இருந்தாதான்யா டிக்கெட்டு' என்பது எதிர்க்கட்சி. ரெயில் பெட்டியில் இந்த வாக்குவாதம் நடக்காத நாளே கிடையாது.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ரெயில்வே விதி என்ன சொல்கிறது என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரிவதில்லை. தெரியாததற்கு விலை ரூ.250. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது கிட்டத்தட்ட அரை நாள் சம்பளம்!

டிக்கெட் மட்டுமா? இப்போது பர்ஸ், பேங்கு பாஸ்புக், ஆதார் அட்டை, வீட்டு ஆட்கள் நம்பர் எல்லாமே அந்த ஒரு போனுக்குள்தான் குடியிருக்கிறது. வழியில் அது செத்துப்போனால் என்ன ஆகும், தொலைந்துபோனால் என்ன செய்யவேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

எடுத்த போனில்தான் காட்டணும்

முன்பதிவு இல்லாத டிக்கெட்டை செல்போனில் எடுக்கும் வசதி சென்னை புறநகர் ரெயிலில் 2015-ம் ஆண்டு வந்தது. அப்போது யு.டி.எஸ். என்ற ஆப். பிறகு 2025-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி 'ரெயில்ஒன்' என்ற புது ஆப்பை ரெயில்வே கொண்டு வந்தது. முன்பதிவு டிக்கெட், சாதா டிக்கெட், பிளாட்பார டிக்கெட், புகார் எல்லாம் இதில் ஒரே இடத்தில்.

இதில் சாதா டிக்கெட் எடுக்கும்போது இரண்டு வகை கேட்கும். ஒன்று, காகிதம் இல்லாத டிக்கெட். போனிலேயே காட்டலாம். இன்னொன்று, காகித டிக்கெட். போனில் பணம் கட்டிவிட்டு ஸ்டேஷனில் உள்ள மெஷினில் அச்செடுத்துக்கொள்ளவேண்டும். அவசரத்தில் பலர் இதைப் படிக்காமலேயே அமுக்கி விடுகிறார்கள். அச்செடுக்கும் வகையை எடுத்துவிட்டு, அச்செடுக்காமல் போனை மட்டும் நீட்டினால் டிக்கெட் பரிசோதகர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

காகிதம் இல்லாத டிக்கெட் என்றால், எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனில், அந்த ஆப்பைத் திறந்துதான் காட்டவேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. இங்கேதான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். அப்பாவுக்கு பட்டன் போன். பையன் தன் ஸ்மார்ட் போனில் டிக்கெட் எடுத்து, அதைப் படம் பிடித்து, அப்பாவுடன் போகும் சித்தப்பா போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பான். பாசம் எல்லாம் சரிதான். பரிசோதகர் கணக்கில் அது வெறும் போட்டோ. அப்பா டிக்கெட் இல்லாத பயணி!

இது என்ன அநியாயம், காசு கட்டித்தானே இருக்கோம் என்று கோபம் வரும். காரணத்தைக் கேட்டால் கோபம் கொஞ்சம் அடங்கும். சாதா டிக்கெட்டில் பெயர் கிடையாது, சீட் நம்பர் கிடையாது. ஒரு டிக்கெட்டைப் படம் எடுத்துப் பத்து பேருக்கு அனுப்பினால் பத்து பேரும் காட்டலாம். அதைத் தடுக்கத்தான் ஆப்புக்குள்ளேயே காட்டணும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனுக்கு உள்ளே வந்த பிறகு டிக்கெட் எடுக்கப் பார்த்தாலும் ஆப் மறுத்துவிடும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்துவிடும். பரிசோதகர் தலையைப் பார்த்ததும் பட்டென்று டிக்கெட் எடுக்கும் கில்லாடிகளுக்காகப் போட்ட கிடுக்கிப்பிடி இது. வெளியே நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால், ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

ரூ.250 எங்கே இருந்து வருது?

1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தில் 138-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால், பயணக் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் கட்டவேண்டும். அந்தக் கூடுதல் கட்டணம் டிக்கெட் விலைக்குச் சமமாகவோ அல்லது ரூ.250 ஆகவோ, எது அதிகமோ அது. மின்சார ரெயிலில் டிக்கெட்டே 5 ரூபாய், 10 ரூபாய்தான் என்பதால் எப்போதும் 250-தான் அதிகம். எங்கே ஏறினீர்கள் என்று நிரூபிக்க முடியாவிட்டால், வண்டி கிளம்பிய ஸ்டேஷனில் இருந்தே கட்டணம் போடுவார்கள். கட்ட மறுத்தால் மாஜிஸ்திரேட்டு முன்பு போய் நிற்கவேண்டியதுதான்.

போனில் சார்ஜ் இல்லை, டிக்கெட்டைக் காட்டமுடியவில்லை என்றாலும் இதே கணக்குதான். 'சார், சத்தியமா எடுத்தேன் சார்' என்பது எடுபடாது.

ஆனால் எக்ஸ்பிரஸ் ரெயிலில் முன்பதிவு செய்தவருக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. அவர் பெயர், வயது, சீட் நம்பர் எல்லாம் பரிசோதகர் கையில் உள்ள பட்டியலில் இருக்கிறது. போனில் எஸ்.எம்.எஸ். காட்டமுடியாவிட்டாலும், ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். டிக்கெட்டுக்கு ரூ.50 வீதம் வசூலித்துவிட்டுப் பயணம் செய்ய விடவேண்டும் என்பது விதி. அடையாள அட்டையும் இல்லை என்றால்தான் டிக்கெட் இல்லாதவராகக் கருதுவார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது பாருங்கள். ஆதாரையும் போனுக்குள்ளேயே வைத்திருப்பவருக்கு, சார்ஜ் போனால் டிக்கெட்டும் போச்சு, அடையாள அட்டையும் போச்சு! ஊருக்குப் போகும்போது ஒரிஜினல் அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

மின்சார ரெயிலில் போகிறவர்கள், பேட்டரி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் சோம்பல் படாமல் கவுண்ட்டரிலேயே காகித டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. தினமும் ஒரே வழியில் போகிறவருக்கு காகித சீசன் டிக்கெட்டே மேல். மாசத்துக்கு ஒரு தடவை கியூவில் நின்றால் போதும். சார்ஜும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், சர்வர் டவுன் என்ற பேச்சே கிடையாது.

ராத்திரி 11 மணிக்கு மேல் கரண்டு வராது

எக்ஸ்பிரஸ் ரெயிலில் ஏறியதும் முதல் வேலையாக சார்ஜ் போடும் இடத்தைத் தேடுவதுதான் நம்ம ஆட்களின் வழக்கம். எட்டு பேருக்கு இரண்டு பிளக் பாயிண்ட் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? 'பிளக்குல லூஸ் காண்டாக்ட்டு' என்ற புலம்பல் வேறு.

சரி, எல்லாரும் தூங்கின பிறகு போட்டுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ராத்திரி 11 மணி முதல் காலை 5 மணி வரை அந்த பாயிண்டுகளுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட உத்தரவு இருக்கிறது. 'கஞ்சத்தனம்' என்று திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் இதன் பின்னணி வேறு.

2013-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி அதிகாலை, பெங்களூருவில் இருந்து நாந்தெட் போன எக்ஸ்பிரஸ் ரெயிலின் ஏ.சி. பெட்டி ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டத்தில் தீப்பிடித்தது. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். 26 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு 2014-ல், ராத்திரியில் சார்ஜ் பாயிண்டுகளை அணைத்து வைக்கவேண்டும் என்று ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் தரப்பில் பரிந்துரை வந்தது. 2021 மார்ச்சில், இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும் என்று மறுபடியும் உத்தரவு போட்டார்கள்.

போனையோ லேப்டாப்பையோ சார்ஜில் போட்டுவிட்டு, அது சூடாவது தெரியாமல் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. பக்கத்தில் போர்வை, தலையணை, திரைத்துணி. தீப்பொறிக்கு வேறு என்ன வேண்டும்?

ஆகவே ராத்திரி ரெயிலுக்கு வீட்டிலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். 11 மணிக்குள் ஒரு தடவை போட்டு எடுத்துவிடுங்கள். ராத்திரி எல்லாம் படம் பார்த்துவிட்டு, விடியற்காலை இறங்குகிற இடத்தில் ஆட்டோவுக்குப் பணம் அனுப்ப பேட்டரி இல்லை என்று நிற்காதீர்கள்.

ரெயில் பிளக்கில் போட்டால் போனில் உள்ள தகவலைத் திருடிவிடுவார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதில் பாதிதான் உண்மை. சாதா இரண்டு ஓட்டை பிளக்கில் உங்கள் சொந்த சார்ஜரைச் செருகினால் கரண்டு மட்டும்தான் வரும். தகவல் போக அதில் வழியே இல்லை. பொது இடங்களில் உள்ள யு.எஸ்.பி. ஓட்டையில் வெறும் கேபிளைச் செருகுவதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். அந்த கேபிளில் கரண்டோடு தகவல் போகும் கம்பியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியே 2022-ல் வெளியிட்ட எச்சரிக்கைப் புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. சொந்த சார்ஜரைக் கையோடு கொண்டுபோனால் அந்தக் கவலையே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், ரெயில் பிளக்கில் தகவல் திருட்டைவிட போன் திருட்டுதான் சாதாரணமாக நடப்பது. சார்ஜில் போட்டுவிட்டு பாத்ரூம் போய்வருவதற்குள் மர்ம ஆசாமி வயரோடு அபேஸ் செய்துவிடுவான்!

10 ஆயிரம் பவர் பேங்க் 10 ஆயிரம் இல்லை

இந்தத் தொல்லைக்கு எல்லாம் பவர் பேங்க் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

'10,000 எம்.ஏ.எச்.னு போட்டிருக்கு, என் போன் 5,000-தான், ஆனா ரெண்டு தடவை ஏற மாட்டேங்குதே, ஏமாத்திட்டான்' என்று சொல்கிறவர்கள் நிறைய பேர். இதில் எப்போதும் ஏமாற்று வேலை இருப்பதில்லை. பவர் பேங்குக்குள் இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட். போனுக்கு அனுப்பும்போது அதை 5 வோல்ட்டாக ஏற்றி அனுப்பவேண்டும். அந்த மாற்றத்திலும் சூட்டிலும் போனது போக மிஞ்சுவது சுமார் 6,000 சொச்சம்தான். நல்ல கம்பெனி சரக்கில் இந்த நிஜக் கணக்கையும் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 5,000 போனுக்கு ஒரு தடவை முழுசாக ஏறும், கொஞ்சம் மிஞ்சும். அவ்வளவுதான்.

வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாமல் பவர் பேங்க் விற்கவே கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் நிஜமா டூப்ளிகேட்டா என்று தெரிந்துவிடும். லேசாக உப்பிப் போயிருக்கிற பவர் பேங்க்கை 'இன்னும் ஓடுதே' என்று பையில் வைத்துக்கொண்டு திரிவது வெடிகுண்டோடு திரிவதற்குச் சமம்.

துபாய், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கை விமானத்தில் சரக்கோடு போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோகணும். 100 வாட் அவர் வரை அனுமதி. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் அவர், தாராளமாகப் போகலாம். 27,000-ஐத் தாண்டினால் சிக்கல். 2025 ஜனவரி 28-ந்தேதி தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் கிளம்பும் முன்பே தீப்பிடித்து எரிந்தது. எல்லாரும் உயிர் தப்பினார்கள். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பிறகு கெடுபிடி அதிகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அந்த வருடம் அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டன. எமிரேட்சில் ஒருவருக்கு ஒன்றுதான். அதையும் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைக்கக்கூடாது.

ஜன்னலோரம், படிக்கட்டு

சார்ஜ் போனால் ரூ.250-தான். படிக்கட்டில் நின்று போன் பேசினால் உயிரே போகலாம்.

வண்டி ஸ்டேஷனை விட்டு மெதுவாக நகரும்போதும், சிக்னலுக்காக வேகம் குறையும்போதும்தான் திருட்டு ஆசாமிகள் கைவரிசை காட்டுகிறார்கள். தண்டவாள ஓரம் நின்றுகொண்டு, படியில் நிற்பவர் கையில் கம்பால் ஓங்கி அடிப்பார்கள். போன் கீழே விழும். அதை எட்டிப் பிடிக்கப் போனவர் அதோடு விழுவார். சென்னையில் 2023 ஜூலையில் இந்திரா நகர் பறக்கும் ரெயில் நிலையத்தில், செல்போனைப் பறித்தபோது ரெயிலில் இருந்து விழுந்த 22 வயது இளம்பெண் பரிதாபமாக உயிரிழந்தார். ஒரு போனுக்காக!

போன் போனால் போகட்டும், பின்னாடியே குதிக்காதீர்கள். வாசல் பக்கம் நின்றால் போனைப் பைக்குள் போடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வீடியோ பார்க்காதீர்கள்.

போன் கவருக்குள் ஏ.டி.எம். கார்டா?

இன்னொரு கெட்ட பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போன் கவருக்குப் பின்னால் ஏ.டி.எம். கார்டு, ஆதார் ஜெராக்ஸ், 200 ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் செருகி வைப்பது. வசதிதான். திருடனுக்கும் அதே வசதி!

யோசித்துப் பாருங்கள். ஜிபே, போன்பே ரகசிய எண் தெரியாமல் திருடன் பெரிய தொகை அனுப்ப முடியாது. ஆனால் அந்த ரகசிய எண்ணை மாற்றவேண்டும் என்றால் என்ன கேட்கும்? ஏ.டி.எம். கார்டின் கடைசி ஆறு எண்கள், காலாவதி தேதி, அப்புறம் போனுக்கு வரும் ஓ.டி.பி. கார்டும் சிம்மும் ஒரே கவரில் இருந்தால் சாவியையும் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான். போனுக்கு லாக் போட்டிருந்தால்கூட, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே வரும். அதனால் சிம்முக்கும் தனியாக பின் நம்பர் லாக் போட்டு வையுங்கள். போன் செட்டிங்கிலேயே இருக்கிறது. தப்பான பின் நம்பரை மூன்று தடவை போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும் என்பதால், நம்பரை மறக்காதீர்கள்.

போன் போயிடுச்சு... முதல்ல என்ன?

பதற்றத்தில் எல்லாரும் செய்வது, தன் நம்பருக்கே திரும்பத் திரும்ப போன் போடுவது. ரெண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி, உங்கள் சிம் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் பேசி சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்தது பேங்க். கணக்கில் இருந்து பணம் எடுத்துவிட்டது தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே பேசவேண்டும். நேரம் போகப்போக பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும், பிடிப்பது கஷ்டம்.

ரெயிலில் என்றால் 139 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தமிழ்நாடு ரெயில்வே போலீசுக்கு 1512. ஓடும் ரெயிலில் டிக்கெட் பரிசோதகர், கார்டு, காவலுக்கு வரும் போலீசார் யாரிடமும் புகார் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். அதற்காகப் பாதி வழியில் இறங்கவேண்டியதில்லை. 'இது எங்க எல்லை இல்லே, அந்த ஸ்டேஷனுக்குப் போ' என்று அலையவிட்டால், எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கவேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புது சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.

புகார் நகல் கையில் கிடைத்ததும் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் வரை ஆகும், அதற்காகக் கலங்கவேண்டாம். பிறகு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலோ ஆப்பிலோ போய், தொலைந்த போனை முடக்கச் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். இந்த வசதி நாடு முழுவதும் 2023 மே மாதம் முதல் இருக்கிறது. ஒரு காசு செலவு கிடையாது. தெரியாவிட்டால் பக்கத்து பிரவுசிங் சென்டரில் செய்யச் சொல்லலாம்.

இதற்குத் தேவை போனின் ஐ.எம்.இ.ஐ. நம்பர். 15 இலக்கம். இப்போதே உங்கள் போனில் *#06# என்று அடித்துப் பாருங்கள், திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு நம்பர் வரும். அதை போனிலேயே சேமித்து வைத்து என்ன பிரயோஜனம்? வீட்டு காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். போன் வாங்கிய பெட்டியின் மேலும் இருக்கும், அதனால் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அந்த போன் முடங்கிவிடும். எந்த கம்பெனி சிம் போட்டாலும் டவர் கிடைக்காது. யாராவது புது சிம் போட்டுப் பார்த்தால் அந்த விவரம் போலீசுக்குப் போகும். அப்படித்தான் மாதங்கள் கழித்துக்கூட சில போன்கள் சொந்தக்காரர் கைக்குத் திரும்பி வருகின்றன.

பதிவு செய்யும்போது ஒரு கோரிக்கை எண் தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். போலீசார் கூப்பிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாலும், அதே இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு முடக்கத்தை நீக்கச் சொன்னால்தான் உங்கள் சிம்முக்கே டவர் கிடைக்கும்.